ஒரு நாள் ஃப்ரிட்ஜ்

எனக்குத் தெரிந்து எழிலரசி தன் வாழ்நாளில் சொன்னது ஒரே ஒரு பொய். அது நாலடி உயரம், மெரூன் நிறம், ஒற்றைக் கதவு. என் வீட்டுச் சமையலறையிலிருந்துதான் அது கிளம்பிப் போனது. அதனால் அந்தக் கதையைச் சொல்ல என்னைவிட உரிமையுள்ள ஆள் செம்மங்குப்பத்தில் கிடையாது.

என் பெயர் சவரியம்மாள். பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், லேமினேஷனும் உண்டு. நகலெடுக்க வருகிற காகிதத்தை நான் படித்துவிடுவேன். அது தப்பு என்று என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தார். காகிதம் என் கையில் இருக்கும்போது கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

எழிலரசி எனக்கு எதிர் வீடு. அவள் அப்பா தங்கராசு சிப்காட்டில் மூட்டை தூக்கியவர். அந்த முதுகை வைத்துக்கொண்டே மகளை லேப் டெக்னீஷியன் படிப்புக்கு அனுப்பினார். எங்கள் தெருவில் வெள்ளைக் கோட்டு போட்டு வேலைக்குப் போன முதல் ஆள் அவள். கடலூர் முதுநகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. புருஷன் ஆரோக்கியராஜ் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். கொடுத்ததைச் சாப்பிட்டு, கேட்டதற்குத் தலையாட்டுகிற நல்ல பிள்ளை.

அவள் எப்படிப்பட்டவள் என்பதற்கு 2004இல் நடந்த ஒரு விஷயம் போதும். தெருக்கோடி சுப்பராயலு அப்போது கம்பெனி வாட்ச்மேன். வேலையில் நீடிக்க மருத்துவச் சான்று கேட்டிருந்தார்கள். அவருடைய ரத்தத்தில் சர்க்கரை கன்னாபின்னாவென்று ஏறிக் கிடந்தது. "எழுதுறதுதான எழுதுற, ரெண்டு நம்பரக் கொறச்சு எழுதேன், ஒனக்கு என்னா நஷ்டம்" என்று நயமாகக் கேட்டுப் பார்த்தார்.

"ரத்தத்துல இருக்கறதத்தான் மாமா நான் எழுத முடியும்" என்றாள் அவள்.

மனுஷன் ஆறு மாதம் அவளோடு பேசவில்லை. அவள் வாசலில் நின்றால் இவர் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு போவார். அப்புறம் மாத்திரை போட்டுச் சரியான பிறகு, "அந்தப் பொண்ணு மட்டும் நம்பர மாத்தியிருந்தா எங்கால எடுத்திருப்பாங்க" என்று டீக்கடையில் அவரே எல்லாருக்கும் சொன்னார். கால் நன்றாக இருந்தது. வேலையும் போகவில்லை, பகல் ஷிஃப்டுக்கு மாற்றினார்கள்.

எழிலரசிக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் குழந்தை இல்லை. பாண்டிச்சேரிக்கும் கடலூருக்குமாக அலைந்ததெல்லாம் எனக்குத் தெரியும், அந்த ரிப்போர்ட்டுகளும் என் கடை வழியாகத்தானே போயின. 2007இல் ஒரு நாள் வெள்ளைக் கோட்டோடு நேராகக் கடைக்கு வந்தாள்.

"அக்கா, ஆஸ்பத்திரி போதும். எனக்குப் புள்ளதான் வேணும். அது எங்க பொறந்தா என்னா?"

சிதம்பரத்தில் ஓர் இல்லம் இருந்தது. பெயர் வேண்டாம். தத்துக் கொடுக்க அரசாங்க அனுமதி பெற்ற இடம். அவர்கள் கொடுத்த படிவத்தை நகலெடுக்கும்போதே எனக்கு எரிச்சல் வந்தது. குளிர்சாதனப் பெட்டி உண்டா, சோபா உண்டா, பீரோ உண்டா என்று வரிசையாகக் கட்டம் போட்டிருந்தார்கள். பிள்ளைக்குச் சோறூட்ட நேரம் இருக்கிறதா என்று ஒரு கட்டம்கூட இல்லை.

அந்தக் கட்டங்களை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. குறிஞ்சிப்பாடியில் ஆரோக்கியராஜுக்குத் தெரிந்த கொளஞ்சியப்பன், தங்கம்மாள் என்று ஒரு தம்பதியும் தத்தெடுக்க விண்ணப்பித்திருந்தார்கள். இரண்டு காணி நிலம், கறவை மாடு, கஷ்டமில்லாத வீடு. அதே இல்லத்திலிருந்து பார்க்க வந்தவர்களைப் பாய் விரித்து உட்காரச் சொன்னார்கள். 'போதிய வசதி இல்லை' என்று எழுதி அனுப்பிவிட்டது இல்லம். தங்கம்மாள் அதற்கப்புறம் அந்தப் பாயை விரிக்கவே இல்லையாம்.

அதனால் 2008இல் எழிலரசி வீட்டுக்கு ஆள் வருகிற தேதி தெரிந்ததும் தெருவே கூடிவிட்டது. எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் நாலு வீட்டு நாற்காலியும் வெள்ளித் தட்டும் அந்த வீட்டுக்குப் போகும். மாப்பிள்ளை வீட்டாருக்கும் அது தெரியும், அவர்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கும். யாரும் அதைப் பொய் என்று நினைப்பதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் நாங்கள் இதையும் செய்தோம். என் ஃப்ரிட்ஜை ஆரோக்கியராஜும் இன்னும் மூன்று பேரும் தூக்கிப் போனார்கள். சுப்பராயலு தன் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய சோபாவைக் கொடுத்தார். பக்கத்து வீட்டு இருசம்மாளின் பீரோ போனது.

எழிலரசிக்குத் துளியும் பிடிக்கவில்லை. "வேணாம்க்கா, இருக்கறத இருக்கற மாதிரி காட்டுவோம்" என்று இரண்டு நாள் சொன்னாள். நான்தான் திட்டினேன். "தங்கம்மா கதி ஒனக்கும் வரணுமா? வாய மூடிக்கினு நில்லு." அவள் வாயை மூடிக்கொண்டாள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

பார்க்க வந்தவன் தமிழ்மணி என்று ஓர் இளைஞன். இல்லத்தின் களப்பணியாளர். பாவம், பஸ் மாறி மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. அன்றைக்கென்று சிப்காட் கம்பெனிகளின் நாற்றக் காற்று எங்கள் பக்கம் திரும்பாமல் இருந்ததே பெரிய உதவி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மோரைக் குடித்தான், சோபாவில் உட்கார்ந்து எழுதினான், போய்விட்டான். சாயந்தரமே என் ஃப்ரிட்ஜ் என் வீட்டுக்குத் திரும்பியது. உள்ளே ஒரு சொம்பு மோர் மிச்சம் இருந்தது.

2009இல் தேனரசி வந்தாள். பதினோரு மாதக் குழந்தை. முதல் வாரம் யார் தூக்கினாலும் விறைத்துக்கொண்டு அழும். எழிலரசி லீவு போட்டுவிட்டு இடுப்பிலேயே வைத்திருந்தாள், குளிக்கும்போது தவிர. பத்தாம் நாள் குழந்தை அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துத் தூங்கியதை எங்கள் தெருவே வந்து எட்டிப் பார்த்தது. நான் அழுதேன். என்னைக் கேட்டால் இல்லை என்றுதான் அப்போது சொல்லியிருப்பேன்.

ஆனால் குழந்தை கைக்கு வந்தது என்றால் சட்டப்படி மகளாகிவிட்டாள் என்று அர்த்தமில்லை. கோர்ட் உத்தரவு வரும்வரை அது பராமரிப்புக் காலம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இல்லத்தார் வீட்டுக்கு வந்து குழந்தை எப்படி இருக்கிறது என்று பார்த்து அறிக்கை எழுத வேண்டும். யாரும் வரவில்லை. ஃபோன் போட்டு, நீங்களே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்பார்கள். இவர்கள் இரண்டு பஸ் மாறி சிதம்பரம் போவார்கள். காலை பத்துக்குப் போனால் மதியம் இரண்டுக்குக் கூப்பிடுவார்கள். வருகைப் பதிவு என்று ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். "எங்க புள்ள, குடுத்திருக்கோம், ஞாபகம் இருக்கட்டும்" என்று அங்கிருந்த நிர்வாகியம்மா ஒவ்வொரு தடவையும் சொல்வாராம்.

2010இல் இல்லத்துக்கு ஆண்டு விழா. தத்தெடுத்தவர்கள் எல்லாரும் குழந்தையோடு வந்து மேடையேற வேண்டும் என்று கடிதம் வந்தது. எழிலரசி போனாள். மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இந்தக் குழந்தை எங்கே கிடந்தது, அந்தக் குழந்தையை எறும்பு கடித்த நிலையில் எப்படி எடுத்தோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, கீழே முன்வரிசையில் இருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஐந்து வயதுப் பையன் ஒருவன் தன் கதையைத் தானே கேட்டுக்கொண்டு நின்றானாம். தேனரசியின் முறை வருவதற்கு முன்னால் எழிலரசி அவளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டாள்.

"ஏம்மா, எறங்கிப் போற?" என்று நிர்வாகியம்மா வழிமறித்திருக்கிறார்.

"எம்பொண்ணு கதைய அவ பெரியவளானதும் நான் அவளுக்குச் சொல்லிக்கிறேன். ஊருக்குச் சொல்ல வேணாம்."

பத்து நாளில் கடிதம் வந்தது. நகலெடுக்க என்னிடம்தான் வந்தது. பெற்றோர் ஒத்துழைக்கவில்லை, பராமரிப்பில் ஐயம் உள்ளது, குழந்தையைத் திரும்பப் பெற அரசுக்குப் பரிந்துரை செய்துள்ளோம். மூன்றே வரி. நான் வைத்த காகிதம் இயந்திரத்தில் கோணலாகப் போய்ச் சிக்கிக்கொண்டது. எழிலரசி கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று, தேனரசியின் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த மாதிரி இல்லங்கள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று மேலே இருந்து பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது. இல்லம் கேட்டதும் குழந்தையைப் பிடுங்கிக் கொடுத்துவிட முடியாதாம், அரசாங்கத்து ஆள் நேரில் வந்து விசாரிக்க வேண்டுமாம். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் கடலூரிலிருந்து ஓர் அதிகாரி வந்து இறங்கினார். காயத்ரி என்று பெயர். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. கையில் தடித்த கோப்பு. காற்று வேறு அன்றைக்கு எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் உள்ளே வந்தார், அதற்கே ஒரு மரியாதை தோன்றியது எனக்கு.

எழிலரசி வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். ஆரோக்கியராஜ் வேனோடு நெய்வேலி போயிருந்தான். நானும் சுப்பராயலுவும் ஓடிப்போய் வாசலில் நின்றோம். காயத்ரி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். ஒரு பக்கம் படித்தார். நிமிர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மறுபடி குனிந்து படித்தார்.

"ஃப்ரிட்ஜ் இருக்குதுன்னு போட்டிருக்கே. எங்கம்மா அது?"

 என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "ரிப்பேருக்குப் போயிருக்குது மேடம்."

"சோபா?"

"அதுவும் துணி மாத்தப் போயிருக்குது" என்றார் சுப்பராயலு. அந்த மனுஷனுக்கு யோசனையே போதாது.

காயத்ரி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழிலரசியைப் பார்த்தார். எழிலரசி ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் முடிந்தது. நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அவள் தேனரசியை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"ரிப்பேருக்கு எதுவும் போவல மேடம். அது எங்க வீட்டுதே இல்ல. ஃப்ரிட்ஜு இந்த அக்காவுது, சோபா அந்த மாமாவுது. மொத தடவ பாக்க வந்தப்ப எரவல் வாங்கி வச்சோம். இல்லாதத இருக்கறதா காட்டினது நான்தான்."

 இவள் லேபில் நம்பர் எழுதுகிற மாதிரி தன் பிள்ளையின் தலையெழுத்தையும் எழுதுகிறாளே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

காயத்ரி பேனாவை மூடி வைத்தார். "தெரிஞ்சுதான் சொல்றீங்களா? விண்ணப்பத்துல தப்பான தகவல் குடுத்திருந்தா, அந்த ஒரு காரணத்துக்கே குழந்தைய எடுக்கச் சொல்லலாம்."

"தெரியும் மேடம்." குரல் உடைந்தது அப்போதுதான். "நீங்க வந்ததுல இருந்து நான் நெனச்சது அது ஒண்ணுதான். ஆனா நாளைக்கு இவ வளந்து கேட்டா, ஒன்ன வச்சுக்கறதுக்காக இன்னொரு பொய்யும் சொன்னேன்னு என்னால சொல்ல முடியாது."

"எத்தன நாள் இருந்துச்சு அந்த ஃப்ரிட்ஜு இங்க?"

"ஒரே நாள். சாயந்தரமே திருப்பிக் குடுத்துட்டோம்."

 காயத்ரி கோப்பில் அடுத்த அறிக்கையைப் புரட்டினார். அதற்கடுத்ததைப் புரட்டினார். அதற்கும் அடுத்தது. அவர் முகம் மாறுவதை நான் வாசலில் இருந்தே பார்த்தேன். பிறகு சத்தமாகப் படித்தார். 'இரண்டாம் வருகை. வீட்டை நேரில் பார்வையிட்டேன். குளிர்சாதனப் பெட்டி, சோபா, பீரோ ஆகியவை நல்ல நிலையில் உள்ளன.' மூன்றாம் வருகையிலும் அதே வரி. நான்காம் வருகையிலும் அதே வரி.

"அப்ப இந்த மூணு தடவையும் வந்தவர் எந்த ஃப்ரிட்ஜப் பாத்தாரு?"

"யாரும் வரல மேடம். நாங்கதான் சிதம்பரம் போனோம். நோட்டுல கையெழுத்து வாங்கிக்கினு அனுப்பிடுவாங்க."

வராமலே முதல் அறிக்கையைப் பார்த்து மற்ற மூன்றையும் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எழுதியதில் உண்மை எது பொய் எது என்று அவர்களுக்கே தெரியவில்லை. நாங்கள் தூக்கிப் போய் வைத்த என் ஃப்ரிட்ஜ் அவர்கள் காகிதத்தில் ஒன்றேகால் வருஷம் நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்தது. எழிலரசி மட்டும் என் பேச்சைக் கேட்டு ரிப்பேர் என்று சொல்லியிருந்தால், அவர்கள் மூன்று முறையும் வந்ததாகவே ஆகியிருக்கும். அது எனக்கு உறைத்தபோது, வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"இதையெல்லாம் எழுதிக் குடுப்பீங்களா?" என்று காயத்ரி கேட்டார்.

எழிலரசி எழுதினாள். லேப் கையெழுத்து, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நிற்கும். இரவல் வாங்கியதில் தொடங்கி, மேடையில் இருந்து இறங்கியது வரை இரண்டு பக்கம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே எழுதியதால் ஓர் ஓரத்தில் தேனரசி பேனாவைப் பிடித்து இழுத்த கோடும் அதில் இருந்தது.

கடலூரில் குழந்தைகள் நலக் குழு முன்னால் விசாரணை நடந்தது. உள்ளே எங்களை விடவில்லை. நானும் சுப்பராயலுவும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம், ஆரோக்கியராஜ் வந்து சொல்லித்தான் தெரியும். தமிழ்மணியைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவன் ஒன்றையும் மறைக்கவில்லையாம். நாற்பது குடும்பத்துக்குத் தான் ஒருவன்தான் என்றும், போக முடியாதபோது பழைய அறிக்கையைப் பார்த்து எழுதச் சொன்னார்கள் என்றும் சொல்லியிருக்கிறான். நிர்வாகியம்மா அவன் மேலேயே பழியைப் போடப் பார்த்தார். குழுத் தலைவி விடவில்லை.

எழிலரசியையும் சும்மா விடவில்லை. "இரவல் வாங்கி வச்சது தப்பும்மா" என்று தலைவி கண்டிப்பாகச் சொல்ல, இவள் "ஆமாம் மேடம், தப்புதான்" என்று நின்றிருக்கிறாள். அதற்கப்புறம்தான் முடிவைச் சொன்னார்கள். குழந்தையைத் திரும்பப் பெற முகாந்திரம் இல்லை. அந்த இல்லத்தின் எல்லாக் குடும்பங்களுக்கும் அரசு அலுவலர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். குழந்தைகளை மேடையேற்றக் கூடாது. பொருள் கேட்கிற அந்தக் கட்டங்கள் எந்த விதியிலும் இல்லை, படிவத்திலிருந்து நீக்க வேண்டும், அதைக் காட்டி நிராகரித்த விண்ணப்பங்களை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

சுப்பராயலு வராந்தாவில் எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எங்க தெருப் பொண்ணு" என்று அங்கிருந்த பியூனிடம் சொன்னார். பியூன் கேட்கவே இல்லை. ஆனால் நானும் அதையே சொல்ல வாயைத் திறந்துகொண்டிருந்தேன்.

2011இல் கோர்ட் உத்தரவு வந்தது. தேனரசி, தகப்பன் பெயர் ஆரோக்கியராஜ், தாய் எழிலரசி. அதை லேமினேட் செய்யத்தான் கொண்டுவருகிறாள் என்று நினைத்தேன். அவள் கொண்டுவந்தது வேறு. குழு கொடுத்த காகிதங்களோடு வந்த காயத்ரியின் ஆய்வறிக்கை நகல், ஒரே பக்கம். நான் வழக்கம்போலப் படித்தேன்.

'வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. சோபா இல்லை. குழந்தை தாயின் இடுப்பை விட்டு இறங்க மறுத்தது. எடை வயதுக்கேற்ப உள்ளது. தாய் தமக்குப் பாதகமான உண்மையைத் தாமே முன்வந்து கூறினார். இவ்வீட்டில் குழந்தைக்குக் குறை எதையும் நான் காணவில்லை.'

அன்றைக்கு எனக்குக் காசு வாங்கத் தோன்றவில்லை. அவள் அதைச் சுவரில் அப்பா தங்கராசு படத்துக்குக் கீழே மாட்டினாள். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள்கூட நின்று படித்துவிட்டுப் போவார்கள்.

2012 மார்கழியில் ஒரு காலையில் குறிஞ்சிப்பாடியிலிருந்து தங்கம்மாளும் கொளஞ்சியப்பனும் ஒரு மினி லாரியோடு என் வாசலில் வந்து நின்றார்கள். குழு உத்தரவுப்படி அவர்கள் விண்ணப்பத்தை மறுபடி பரிசீலனைக்கு எடுத்திருக்கிறார்களாம். வரும் வியாழக்கிழமை வீடு பார்க்க வருகிறார்களாம். தங்கம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஃப்ரிட்ஜு ராசியான ஃப்ரிட்ஜுன்னு சொன்னாங்க. ஒரு நாளைக்குக் குடுங்கக்கா" என்றாள். இத்தனை நடந்த பிறகும் என் நாக்கு, எடுத்துப் போங்க என்றுதான் புரண்டது. அத்தனை பழக்கம்.

எதிர் வீட்டிலிருந்து எழிலரசி வேலைக்குக் கிளம்பி வந்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டாள். திரும்பி உள்ளே போய், சுவரில் இருந்த லேமினேஷன் காகிதத்தைக் கழற்றி எடுத்து வந்து தங்கம்மாள் கையில் வைத்தாள்.

"வேணும்னா இத எரவல் வாங்கிக்கினு போங்க. வர்றவுங்களுக்குப் பாயப் போடுங்க."

தங்கம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. கொளஞ்சியப்பன் எழுத்துக்கூட்டிப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, அதையே இன்னொரு தரம் படித்தார். தங்கம்மாள் காகிதத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். மினி லாரி காலியாகவே திரும்பிப் போனது.

வியாழக்கிழமை வந்தவர்கள் அவள் விரித்த பாயில் உட்கார்ந்து மோர் குடித்தார்களாம், ஒருவர் இரண்டாவது டம்ளரும் கேட்டாராம். வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் தங்கம்மாள் காகிதத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். எழிலரசி அதை வாங்கிப் பழைய ஆணியில் மாட்டிவிட்டு, வெள்ளைக் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு முதுநகர் பஸ்ஸுக்கு ஓடினாள்.